தகடும் தாளும் பார்த்து வாங்குங்கள்: வடசென்னையில் ஓட்டி மகிழ ஒரு பழைய கார்

பழைய கார் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, ஹோஸ்களுக்கெல்லாம் பாலிஷ் போட்டு வைத்திருப்பார். அந்தப் பளபளப்பில் மயங்கி அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. இன்ஜின் கெட்டால் அதைப் பிரித்துக் கட்டச் சென்னையில் ஆள் இருக்கிறார்கள், ரீபோர் செய்ய லேத் இருக்கிறது, பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. உப்புக்காற்று அரித்த தகட்டை முழுசாக மீட்பது அதைவிடப் பெரிய வேலை. ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, சிக்கலில் மாட்டிய வண்டியைக் கையில் பணம் இருந்தாலும் மீட்க முடியாமல் போகலாம். அதனால் தகட்டுக்கும் தாளுக்கும் காசு கொடுங்கள். இன்ஜினுக்கு ஆகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாவியைத் திருப்பி, ஆசை தீர கியர் மாற்றி ஓட்டிவிட்டு, டிபன் நேரத்துக்கு வீடு திரும்ப நினைக்கிறவருக்காக இதை எழுதுகிறேன். நாளைக்கு இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று வாங்கிப் போடுகிறவருக்கு இது உதவாது.

எந்த வண்டி

புதிதாக இந்த ஆசைக்குள் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: 1998 முதல் 2006 வரை வந்த பெட்ரோல் கார்களில், கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்‌ஷன் வண்டியாகப் பாருங்கள். ஏசி வேலை செய்யும், தினமும் ஸ்டார்ட் ஆகும், எந்த மெக்கானிக்கும் தொடுவார். அதே சமயம் இன்றைய கார்களைப் போல எடை ஏறாத காலத்து வண்டிகள் அவை. ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் ரோடு கையில் தெரியும்.

முதல் வண்டிக்கு என் பரிந்துரை மாருதி எஸ்டீம். 1994இல் வந்தது, 1.3 லிட்டர். 1999க்குப் பிந்தைய இன்ஜெக்‌ஷன் மாடலில் 85 குதிரைத்திறன், வண்டியின் எடையோ 900 கிலோவுக்குள். அந்தக் கணக்கே அதன் ஓட்டத்தைச் சொல்லிவிடும். பாகங்கள் மலிவு, தெரியாத மெக்கானிக் கிடையாது.

மனசு கொஞ்சம் துணிந்துவிட்டால் முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி. 1998இல் வந்த அதில் பின்னால் சேர்ந்த 1.5 விடெக் இன்ஜின் 106 குதிரைத்திறன். டேக்கோமீட்டர் முள் மேலே ஏற ஏற சத்தம் மாறி இழுக்கிற அந்த இன்ஜினுக்கு ரசிகர்கள் இன்னும் குறையவில்லை. அதனாலேயே நல்ல வண்டி கிடைப்பது அரிது. மறைமலைநகரில் 1999 முதல் செய்யப்பட்ட ஃபோர்டு ஐகான் 1.6, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து ஓட்ட அருமையான வண்டி. அதன் ரோகேம் இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின் இருப்பது ஒரு நிம்மதி. ஃபியட் பாலியோ 1.6, 2001இல் 100 குதிரைத்திறனோடு வந்தது. ஸ்டியரிங் பிடிமானத்துக்கு அதை மிஞ்ச அந்த விலையில் வேறில்லை. பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடிக்கும்.

மிட்சுபிஷி லேன்சர் நம் பக்கத்து வண்டி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் செய்தது. 2006இல் அங்கிருந்தே 2 லிட்டர், 115 குதிரைத்திறன் சீடியா வந்தது. நம் நாட்டு ராலிகளில் பல வருடம் ஓடிய கார். ஓட்டுவதற்கு இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் பாகங்களுக்கு அலைய வேண்டும், விலையும் கடிக்கும். இரண்டாவது காராக வாங்குங்கள், முதல் காராக வேண்டாம்.

கான்டெஸாவையும் பிரீமியர் 118 என்இயையும் விட்டுவிட்டானே என்று சிலர் கோபப்படுவார்கள். 1984 முதல் 2002 வரை வந்த கான்டெஸா எனக்கும் பிடிக்கும். 1.8 லிட்டர் இசுசு இன்ஜின், பின் சக்கர இழுவை, நீண்ட பானெட். ஆனால் இன்று அதற்குக் கேட்கிற விலை ஓட்டத்துக்கான விலை அல்ல, ஏக்கத்துக்கான விலை. அதை வாங்கப் போகிறவர் கீழே சொல்கிற விலைக் கணக்கை அப்படியே பயன்படுத்த முடியாது.

இன்னொன்று. இந்த வண்டிகளைச் சிலர் வின்டேஜ் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிதான் வின்டேஜ். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. நமக்கு அந்தச் சலுகையும் இல்லை, அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

எங்கே தேடுவது

உள்ளூரில் தேடாதீர்கள் என்று வடசென்னைக்காரனே சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரே ஒரு சாலைதான். அங்கே திறந்தவெளியில் இருபது வருடம் நின்ற காருக்கு வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். கோவை, சேலம், திண்டுக்கல் மாதிரி கடல் இல்லாத ஊர் வண்டிகளைத் தேடுங்கள். கோவையில் ரேஸ் பழக்கம் தலைமுறையாக இருப்பதால் நன்றாகக் கவனித்து வைத்த வண்டிகள் அங்கே அதிகம். டிஎன் 37, 38, 66 நம்பர்களைப் பார்த்தால் நான் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்ப்பேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் திரும்பவும் வரி கட்டுகிற தொல்லையும் இல்லை.

டெல்லி வண்டிகள் மலிவாக வரும். அங்கே 15 வருடம் தாண்டிய பழைய பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். தகடு பெரும்பாலும் நம் வண்டிகளைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இருக்க வேண்டும். இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகக் கரைந்துவிடும். சான்று ‘வந்துடும் சார்’ என்கிற வண்டியைத் தொடவே வேண்டாம்.

உள்ளூரில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கொளத்தூர், பெரம்பூர், மாதவரம் பக்கம் வீட்டுக்குள் மூடி நிறுத்திய வண்டியைத் தேடுங்கள். ஒரே ஓனர், வயதானவர், பிள்ளைகள் வெளிநாட்டில் என்கிற வீடுகளில் தங்கமான எஸ்டீம்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மாதிரி வண்டி விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே தெரு மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். அவரிடம் சொல்லி வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் போனிலேயே

நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு எந்தத் தேதிவரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா, எத்தனையாவது ஓனர், லோன் குறிப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அபராதச் சலான் பாக்கியையும் தனியாகப் பாருங்கள். காருக்கு முதல் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2001இல் பதிவான கார் என்றால் 2016இலும் 2021இலும் புதுப்பித்திருக்க வேண்டும், அடுத்தது 2026. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்கும் தேதி நெருங்கிய வண்டி என்றால் அந்தச் செலவும், அதற்கான ஓட்டமும் உங்கள் தலையில்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்.

“அண்ணா, ஆர்சி யார் பேர்ல இருக்கு?”

“அப்பா பேர்ல தம்பி. அவரு தவறி மூணு வருஷம் ஆச்சு. நாங்க கையெழுத்து போட்டுத் தரோம், ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

பிரச்சனை இருக்கிறது. இறந்தவர் பெயரில் இருக்கிற வண்டியை வாரிசு முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்ந்தால்தான் அது நடக்கும். அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அக்காவோ தம்பியோ கையெழுத்து போட மறுத்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. “உங்க பேருக்கு மாத்திட்டு போன் பண்ணுங்கண்ணா, நான் காத்திருக்கேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வையுங்கள். பழைய கார் சந்தையில் பல வண்டிகள் இந்த நிலையில்தான் நிற்கின்றன.

கடைசியாக, “நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்ணா” என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஸ்டார்ட் செய்து தயார்படுத்தியிருக்கிறார்கள்.

தகடு

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில், ஈரமில்லாத வண்டியைப் பாருங்கள். கழுவி ஈரமாக நிற்கிற வண்டியில் பெயின்ட் குறை எதுவும் தெரியாது. ஒரு டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், உட்கார ஒரு பழைய பாய், இவ்வளவு போதும்.

கதவின் கீழ்ப்பகுதி, பின் சக்கர வளைவு, ரன்னிங் போர்டு (கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடுகிற பாடித் தகடு) இங்கெல்லாம் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். தகடாக இருந்தால் பிடிக்கும், பட்டி போட்டு நிரப்பியிருந்தால் நழுவி விழும். விரல் முட்டியால் தட்டினால் தகடு கணீரென்று சொல்லும், பட்டி ‘தொப்’ என்று சொல்லும். ஒன்றிரண்டு இடத்தில் பட்டி இருப்பதில் தப்பில்லை, இருபது வருட வண்டிக்குச் சின்ன உரசல் இல்லாமல் இருக்குமா? இரண்டு ரன்னிங் போர்டும் பட்டியில் நிற்கிறது என்றால் அது வேறு கதை. பாடியின் பலமே அங்கேதான்.

அடுத்து, யாரும் பார்க்காத இடங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். பேட்டரியை நகர்த்தி அதன் தட்டின் கீழே பாருங்கள், அமிலமும் உப்பும் சேர்ந்து முதலில் தின்கிற இடம் அது. கதவு ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்து உள்விளிம்பைத் தடவுங்கள். முன் கண்ணாடி ரப்பரின் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றாமல் அந்தத் துருவைச் சரிசெய்ய முடியாது. கால்மிதியையும் அதன் அடியில் உள்ள கார்பெட்டையும் தூக்கித் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுந்தினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் தலை வந்து போல்ட்டில் நிற்கிற இடம். அதைச் சுற்றித் தகட்டில் விரிசலோ, பின்னால் போட்ட வெல்டிங் தழும்போ, ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் முன்னால் பலமாக இடித்த வண்டி, அல்லது துருவால் பிளந்த வண்டி. எதுவானாலும் விட்டுவிடுங்கள். கம்பெனியில் போட்ட வெல்டிங் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளாக ஒரே இடைவெளியில் இருக்கும். பட்டறை வெல்டிங் அப்படி இருக்காது. இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலே கண் பழகிவிடும்.

வடசென்னையில் இன்னொரு சோதனையும் கட்டாயம்: வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. மிக்ஜாமின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் சீட்டைத் துவைப்பார்கள், பெல்ட்டின் அடி நுனியைத் துவைக்க மாட்டார்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்குகிற ஒயர்களில் மண் படிவு, வண்டிக்குள் தூக்கலான சென்ட் வாசனை இவையும் அடையாளம். எண்ணெய் வெள்ளத்தில் நின்றதானால் தரைத்தகட்டின் அடியில் கருப்பாக, விரலில் ஒட்டுகிற படலம் இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி ஓடத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு ஒயராகச் சொல்லிக்கொள்ளாமல் போகும். அதற்கு நியாயமான விலை என்று ஒன்று கிடையாது.

மாற்றம் செய்த வண்டிகள் பற்றி. ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்தியது, அகலச் சக்கரம், சைலன்சர் மாற்றியது எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். பெரம்பூர், வியாசர்பாடி சுரங்கப்பாதைகளிலும், கன்டெய்னர் லாரிகள் குழி பறித்த மணலி, எண்ணூர் சாலைகளிலும் தாழ்த்திய வண்டி ஒரு மாதம் தாங்காது. இன்ஜினே மாற்றியிருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஏறவில்லை என்றால் பதிவு புதுப்பிக்கப் போகிற அன்று இன்ஜின் நம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். மாற்றம் செய்ய எவ்வளவு செலவானது என்று விற்கிறவர் பட்டியல் வாசிப்பார். எனக்கு அந்தச் செலவு முழுக்கக் கழித்தல் கணக்கில்தான் வரும்.

ஓட்டிப் பார்ப்பது

உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எண்ணூரில் லேலண்டும் 1950க்கு முன்னும் பின்னுமாக வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் இன்ஜின் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பட்டறை நடத்தாவிட்டாலும் காதால் கேட்டே சொல்லிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள், சைலன்சர் பக்கம் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, தித்திப்பான வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது சின்ன வேலை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதென்றால் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். வெறும் தண்ணீர் துருவோடு நின்றால் கூலன்ட் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் இன்ஜின் வேலையைக் கணக்கில் சேருங்கள்.

பிறகு இரண்டு விதமாக ஓட்ட வேண்டும். ஒன்று, மத்தியான வெயிலில், ஏசி போட்டு, பெரம்பூர் நெரிசலில் இருபது நிமிடம். டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறக்கூடாது, ரேடியேட்டர் ஃபேன் வந்து வந்து நிற்க வேண்டும். இரண்டு, மாதவரம் தாண்டி வடக்கே போகிற ஜிஎன்டி சாலையிலோ, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து, தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்கும்போது கரகரத்தால், கியர்களை உரசாமல் சேர்க்கிற சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. 80இல் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாகத் தளர்த்துங்கள், வண்டி நேரே போக வேண்டும். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல வட்டமடித்தால் ‘டக் டக் டக்’ என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகத்தைச் சட்ட வரம்புக்குள் வையுங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிற வண்டியை மட்டும் ஓட்டுங்கள்.

(ஜிஎன்டி சாலையில் ரெட்ஹில்ஸ் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் சென்னைக்காரர்கள் பல பத்தாண்டுகள் கார் ரேஸ் நடத்திய ஊர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. அந்த வழியே ஓட்டிப் போகிறவர்கள் இது தெரிந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை.)

ஹோண்டா சிட்டிக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும், மத்தியானம் வெயிலில் நிறுத்தி எடுத்தால் சுற்றும், பிடிக்காது, சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு இப்படிச் சில வண்டிகள் வரும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் சீட் பக்கமிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்க வேண்டும். வெயிலில் அந்தச் சத்தம் வரவில்லை என்றால் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற மெயின் ரிலே. அதற்குள் சால்டரிங் சூட்டில் விரிந்து மயிரிழை விரிசல் விட்டிருக்கும். டிவி ரிப்பேர் செய்கிறவர் பத்து நிமிடத்தில் திரும்பப் பற்றவைத்துக் கொடுப்பார். தகடு நன்றாக இருந்து இந்தக் குறை மட்டும் இருந்தால் அந்த வண்டியை உடனே பேசி முடியுங்கள்.

விலை எப்படிப் போடுவது

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. கைமாறுகிற விலை அதைவிடக் குறைவு. ஒரே மாடலுக்குப் பத்து விளம்பரம் பார்த்து, விற்றுப்போனவர்களிடம் நேரில் கேட்டு, எல்லா வேலையும் முடிந்த சுத்தமான வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதுதான் உச்சி. அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம். சுத்தமான சிட்டி விடெக் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த வண்டிக்கு டயர் நாலும் 18,000, சஸ்பென்ஷன் 25,000, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 8,000, ஏசி 15,000, ஒரு ரன்னிங் போர்டு டிங்கரிங்கும் பெயின்ட்டும் 30,000 ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். கூட்டினால் 96,000. பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று உடையும், அதற்கு இன்னும் முப்பது சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1.25 லட்சம். பதிவு புதுப்பிக்க வேண்டியிருந்தால் இன்னொரு 10,000. ஆக, 1.65 லட்சம் உங்கள் எல்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் சுத்தமான வண்டியையே வாங்கியிருக்கலாம். எல்லையை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வண்டி முன்னால் நிற்கும்போது மனசு கணக்கு மாற்றும்.

கிலோமீட்டருக்கு நான் விலை கொடுப்பதில்லை. ஓடோமீட்டரைத் திருப்புவது சுலபம், தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் மழமழப்பையும் மறைப்பது கஷ்டம். 40,000தான் ஓடியது என்கிற வண்டியின் டயரில் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. டயர் தேதியும், சர்வீஸ் புத்தகமும், ஓனர் சொல்கிற கதையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அதிகம் கொடுக்கலாம் என்று நான் நினைக்கிற விஷயங்கள் உண்டு. கம்பெனி பெயின்ட் அப்படியே இருப்பது. எல்லாக் கண்ணாடியும் ஒரே கம்பெனி முத்திரையோடு இருப்பது. சர்வீஸ் பில்கள் ஒரு ஃபைலில் இருப்பது. இரண்டாவது சாவி. “ஏன் விக்கிறீங்கண்ணா?” என்று கேட்டால் ஓனர் கண்ணைப் பார்த்துச் சொல்கிற பதில். இந்த மாதிரி வண்டிக்கு மேலே போட்ட கணக்கைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடக் கொடுக்க நான் தயங்க மாட்டேன். அந்தக் காசு அடுத்த இரண்டு வருடத்தில் பட்டறைக்குப் போகாமல் மிஞ்சிவிடும்.

பேரம் பேசும்போது வண்டியைக் குறை சொல்லாதீர்கள். பிரியமாக வைத்திருந்தவருக்கு அது வலிக்கும், விலையும் இறங்காது. மெக்கானிக் எழுதிய செலவுப் பட்டியலை நீட்டி, “அண்ணா, வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த வேலை எல்லாம் நான் செய்யணும். நீங்களே பாத்து சொல்லுங்க” என்று விட்டுவிடுங்கள்.

கைமாறும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, லோன் குறிப்பு இருந்தால் அதை நீக்குகிற படிவம் 35 இவற்றில் கையெழுத்து வாங்குங்கள். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே எழுத்துக்கு எழுத்து படியுங்கள், புரோக்கர் படித்துச் சொல்வது போதாது. பணம் வங்கி வழியாகவே போகட்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் நீங்கள் முடிக்க வேண்டும். ‘மெதுவா மாத்திக்கலாம்’ என்று இரண்டு பேரும் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயரோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வண்டி விற்ற மனிதரை அந்தச் சிக்கலில் நிறுத்தாதீர்கள்.

இன்சூரன்ஸில் ஏஜென்ட் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்பார். அது எதிராளிக்குத்தான் பயன்படும், உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. ஐந்து வருடம் தாண்டிய காருக்கு மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்யலாம். படங்களையும் பில்களையும் காட்டிக் கேளுங்கள், முழு பாலிசி தருகிற கம்பெனி கிடைக்கும்வரை விசாரியுங்கள்.

முதல் மாதம்

வாங்கிய வாரத்திலேயே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டியிலும் லேன்சரிலும் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து ஹெட் வேலை வந்துவிடும். பம்புகளில் இப்போது வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். இந்தக் கார்களின் ரப்பர் ஹோஸ்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல. டேங்கிலிருந்து இன்ஜின்வரை பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிடுங்கள், மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

நிறுத்துகிற இடத்துக்கு மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் வேண்டும். கடலோரத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது துருவை வளர்க்கும், ஈரம் உள்ளேயே நிற்கும். போடுவதானால் துணிக் கவர். அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட் அடிக்கும்போது கதவுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் மெழுகு வகைத் திரவத்தைப் பீய்ச்சச் சொல்லுங்கள், வெளியே மட்டும் கருப்புப் பூச்சு அடிப்பது கண்ணுக்குத்தான். அதையும் துருவைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் வண்டி தயார். வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் வெளிவட்டச் சாலையில் வேண்டாம். அதே சாலையில் நசரத்பேட்டை வரை போய், அங்கே திரும்பி இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். பொதுமக்களுக்கு டிராக்கைத் திறந்துவிடுகிற நாட்கள் உண்டு. 3.7 கிலோமீட்டர் டிராக்கில் ஹெல்மெட் போட்டு ஓட்டினால் உங்கள் காருக்கு என்ன முடியும் என்று அன்றே தெரிந்துவிடும். சாதாரண ஞாயிறுகளுக்கு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு நல்ல பாதை. ஆறு மணிக்கு முன் கிளம்பினால் லாரிகளுக்கு முன்னால் போய்விடலாம். ஏரிக்கரைக் காற்றில் உப்பு உண்டு, அதனால் வீட்டுக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸில் விட்டு அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கழுவியதும் மூடி வைக்காமல், பிரேக் நன்றாகக் காயும்வரை இரண்டு தெரு ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.